அரைமலையில் எழுதி வைத்த பெயர்கள்

பாண்டிய நாட்டில் அருகநெறி ஏழாம் நூற்றாண்டோடு முடிந்துபோயிற்று என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். மதுரையில் நிகழ்ந்ததாகப் பிற்காலப் புராணங்கள் கூறும் செய்திகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காரணத்தால், அதன்பின் தென்னாட்டில் சமணர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை என்ற எண்ணம் நம் உள்ளத்திலும் ஊறிவிட்டது. அந்த எண்ணத்தைக் கல்லிலேயே மறுத்துரைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே கழுகுமலை. அங்குள்ள திருமேனிகள் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை. முடிந்துபோயிற்று என்று சொல்லப்படும் காலத்திற்கு ஒரு நூறாண்டும் அதற்கு மேலும் கழிந்த பின்னர், எண்ணற்ற இல்லறத்தாரும் துறவியரும் ஊர் ஊராகத் திரண்டு வந்து இம்மலையில் அருகன் உருவங்களைச் செய்வித்திருக்கின்றனர்.

சென்ற தை மாதத்தில் வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து இத்தலத்தைக் கண்டு வந்தோம். அந்தப் பயணத்தில் கண்டதையும், கண்டபின் நெஞ்சில் நின்றதையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

கரிசல் நடுவே ஒரு குன்று

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை உள்ளது. வழிநெடுகிலும் கரிசல் நிலம். மழையை மட்டுமே நம்பி விளையும் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும்தான் அம்மண்ணின் செல்வம். நம் பகுதியின் ஏரிப் பாசன வயல்களையே கண்டு பழகிய கண்களுக்கு, மரம் அருகிய அந்தக் கருநிலப் பரப்பு புதுமையாகத் தோன்றியது. அப்பரப்பின் நடுவே ஒற்றைப் பெரும்பாறையாக எழுந்து நிற்கிறது குன்று.

இன்று தமிழகம் இவ்வூரை முருகன் தலமாகவே அறியும். சம்பாதி என்னும் கழுகரசன் வழிபட்ட இடம் என்பது தலக்கதை. மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில் கொண்டிருக்கிறார். அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து இத்தலத்து முருகனைப் பற்றியதே. மலையின் மேற்பகுதியில் வெட்டுவான் கோயில் என்னும் ஒற்றைக்கல் சிவன் கோயில் உள்ளது. பாறையை மூன்று புறமும் ஆழமாக வெட்டி, நடுவில் விட்ட கல்லையே மேலிருந்து கீழாகக் கோயிலாகச் செதுக்கியிருக்கின்றனர். விமானம் வரை வந்த பணி கீழ்ப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதுவும் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலப் படைப்பே.

ஆகவே இக்குன்றில் சைவமும் அருகநெறியும் ஒரே காலகட்டத்தில் அருகருகே உளியொலி எழுப்பியிருக்கின்றன. இதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். சமயங்களின் வரலாற்றைப் பகையின் வரலாறாக மட்டும் படித்துப் பழகியோர் இந்த மலைமீது ஒருமுறை ஏறி வருவது நலம்.

முக்குடைக் கீழ் அமர்ந்தோர்

ஊர் மக்கள் இவ்விடத்தைச் 'சமணர் படுக்கை' என்கின்றனர். ஆனால் மேலே சென்றால் நம் கண்ணை நிறைப்பவை படுக்கைகள் அல்ல, திருமேனிகளே. ஏறத்தாழ 150 மாடங்களில் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. கையளவு உருவங்களும் உண்டு. ஆளுயரத்தை நெருங்கும் உருவங்களும் உண்டு. பெரும்பாலானவை முக்குடையின் கீழ்த் தாமரை இருக்கையில் தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர் உருவங்கள். பாறை முகம் முழுவதும் அருகன் ஒருவனே பல நூறு கண்ணாடிகளில் தோன்றுவதுபோல் இருந்தது. வந்திருந்த சிறுவர்கள் எண்ணத் தொடங்கி, இடையில் கணக்குத் தப்பி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினார்கள்.

தனித்து நின்று நோக்கவேண்டிய சிற்பங்கள் மூன்று.

முதலாவது பார்சுவநாதர். மேலே கமடன் பெரும்பாறையைத் தூக்கிப் பகவான்மீது எறிய முனைகிறான். தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். பதுமாவதி உடன் நிற்கிறாள். கீழே, செருக்கடங்கிய கமடன் வணங்கிப் பணிகிறான். தாக்குதலும் சரணடைதலும் ஒரே சட்டத்துக்குள் காட்டப்பட்டிருக்க, நடுவில் நிற்கும் பகவானின் முகத்தில் இரண்டுக்குமாக எந்த மாற்றமும் இல்லை. பொறுமை என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்த உரையாசிரியரும் எழுதிவிட இயலாது.

இரண்டாவது பாகுபலி. கொடிகள் கால்களிலும் கைகளிலும் படர, அசையாது நிற்கிறார். இருபுறமும் உடன்பிறந்தாராகிய பிராமியும் சுந்தரியும் நிற்கின்றனர். சிரவணபெளகொளாவில் ஓங்கி நிற்கும் கோமடேசுவரர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவர். கழுகுமலையில் உள்ள இச்சிறிய உருவம் அதற்கும் முற்பட்டது. நாம் ஆண்டுதோறும் கன்னட நாட்டுக்குச் சென்று வணங்கும் பகவானைத் தமிழ்ச் சிற்பி அதற்கு முன்னரே தன் பாறையில் வடித்து வணங்கியிருக்கிறான் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

மூன்றாவது அம்பிகை இயக்கி, நாம் தருமதேவி என்று வழிபடும் தாய். அருகில் சிங்கம், பக்கத்தில் குழந்தைகள் இருவர், தோழி ஒருத்தி, பின்னே மரம். அவள் கதை நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதைதான். வீட்டில் சமைத்த உணவை வாயிலில் வந்த முனிவருக்கு இட்டதற்காகக் கணவனால் வெளியே துரத்தப்பட்டவள். இரு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு வீட்டைவிட்டுச் சென்றவள். அந்த ஆகார தானத்தின் பயனாகவே இயக்கியாக உயர்ந்தவள். இந்தக் கதையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மலையில் உள்ள ஒரு கல்வெட்டைப் படிக்கும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

செய்வித்தவர் யார்?

சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சிறுசிறு கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ நூறு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் ஐந்தாம் தொகுதியில் இவற்றின் பாடங்கள் அச்சாகியுள்ளன. பெரும்பாலானவை ஓரிரு வரியே. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் 'செய்வித்த திருமேனி' என்பதோடு முடிந்துவிடும். இக்கல்வெட்டுகளில் மலையின் பழம்பெயர் அரைமலை. ஊரின் பெயர் நெச்சுரம்.

பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்திலும் அவனுக்குப் பின்னரும் இப்பணிகள் நடைபெற்றன. எனினும் இத்தனை திருமேனிகளையும் ஓர் அரசன் ஒரே ஆணையில் செய்வித்துவிடவில்லை. மலையைப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு மாடத்துக்கும் அடுத்த மாடத்துக்கும் அளவு ஒவ்வாது. ஒரு வரிசை முடியும் முன்பே வேறொரு கை வேறொரு உயரத்தில் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு ஊரும், ஒவ்வோர் ஆசிரியரின் மாணாக்கரும் தத்தம் பொருளுக்கு இயன்ற அளவில் ஒரு திருமேனியைச் செய்வித்துப் பெயரை எழுதி வைத்திருக்கின்றனர். நாட்டுப்புறத்து உழவரும் கைவினைஞரும் அவர்களுள் உண்டு. தமக்காக மட்டுமன்றி, பிறர் ஒருவர் பொருட்டு அவருக்குப் புண்ணியம் சாரும்படி செய்வித்தோரும் உண்டு.

எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அச்சிட்ட கல்வெட்டுப் பாடத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். திருக்கோட்டாறு என்றார். அது இன்றைய நாகர்கோவிலில் உள்ள கோட்டாறு. அவ்வூர்த் துறவியர் சிலர் இங்கே திருமேனி செய்வித்திருக்கின்றனர். குறண்டி என்றார். அது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர்; பாண்டிய நாட்டின் பெரும் சமணப் பள்ளிகளுள் ஒன்றான திருக்காட்டாம்பள்ளி இருந்த இடம். திருச்சாரணம் என்றார். அது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை.

அடுத்து அவர் படித்த பெயர் திருநறுங்கொண்டை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. திருநறுங்கொண்டை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ள நம் திருத்தலம். அப்பாண்டைநாதரை வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் உண்டா? அத்தலத்துப் பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் ஒருவர் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகக் கடந்து வந்து, இக்கரிசற்காட்டுக் குன்றில் திருமேனி ஒன்றைச் செய்வித்திருக்கிறார். துறவி வாகனம் ஏறார் அல்லவா? திருநறுங்கொண்டைக்கு அருகிலுள்ள ஊரில் பிறந்த அம்மையார் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். அவர் அப்பெயரைக் கேட்டதும் செருப்பில்லாத கால்களோடு பாறையில் அமர்ந்துவிட்டார். "எங்க ஊர்க்காரர் எனக்கு முன்னாடியே இங்க வந்துட்டுப் போயிருக்காரு" என்றார். அதுவரை தொல்பொருளாகத் தோன்றிய மலை அந்தக் கணத்தில் எங்களுக்கு உறவினர் வீடாயிற்று.

வேந்தர் போர் செய்ய, குரத்தியர் நடந்தனர்

இம்மலையின் கல்வெட்டுகளில் பெண்பாற் பெயர்கள் மிகுதி. குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. பெண் ஆசிரியர்களைக் குரத்தியார் என்றும் குரத்திகள் என்றும் சிறப்பித்து எழுதியிருக்கின்றனர். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், அமலநேமி படாரரின் மாணாக்கியாகிய நால்கூர்க் குரத்திகள் எனப் பலரை இங்கே காண்கிறோம். இவர்கள் தாமும் மாணாக்கியராக இருந்து, பின் பிறருக்கு ஆசிரியராக விளங்கியவர்கள். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளைக் கற்பனைப் பாத்திரம் என்று ஒதுக்குவோர் இக்கல்வெட்டுகளைப் பார்த்தால், இளங்கோவடிகள் தம் காலத்து மெய்வாழ்வையே காப்பியத்தில் வைத்தார் என்பதை உணர்வர்.

இதே மலையில் வேறொரு கல்வெட்டும் உள்ளது. மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டில், மலைநாட்டுச் சடையன் கருநந்தன்மீது பாண்டியப் படை சென்ற செய்தியை அது கூறுகிறது. கருநந்தன் ஆய் மரபினன். குமரிப் பகுதியை ஆண்டவன். திருச்சாரணம் அந்த ஆய் நாட்டு மலை. பாண்டியனுக்கும் ஆய் வேந்தனுக்கும் பகை மூண்ட அக்காலச் சூழலில்தான் திருச்சாரணத்துக் குரத்திகள் பாண்டிய நாட்டு அரைமலைக்கு வந்து திருமேனி செய்வித்தனர். பின்னர் ஒன்பதாம் நூற்றாண்டில் விக்கிரமாதித்த வரகுணன் என்னும் ஆய் மன்னன் காலத்தில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் சிதறாலில் பகவதிக்குப் பொன் அணிகலம் அளித்ததையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வேந்தரின் எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆசிரியரும் மாணாக்கரும் நடந்த பாதை மாறவில்லை.

பத்துத் துறவியருக்கு உணவு

இனி, மேலே குறிப்பிட்ட அந்தக் கல்வெட்டுக்கு வருவோம். குணசாகர படாரர் முதலாகிய பத்து வைராக்கியருக்கு ஆகார தானமாக நிலம் அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. அவர்கள் செய்யவேண்டிய பணி, இம்மலைப் பள்ளியில் இருந்து சித்தாந்தம் உரைத்தல்.

நூற்றைம்பது திருமேனிகளைவிட இந்தச் சிறு செய்தியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. திருமேனி ஒருமுறை செதுக்கினால் போதும். அதற்கு உணவு வேண்டா. உரைப்பவருக்கு நாள்தோறும் உணவு வேண்டும். கேட்பதற்கு ஊரார் வரவேண்டும். கேட்டவருள் ஒருவர் அடுத்த தலைமுறைக்கு உரைப்பவராக வளரவேண்டும். நெச்சுரத்து மக்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். எனவேதான் ஒரு கையால் திருமேனியைச் செய்வித்து, மறு கையால் உரைப்போருக்கு நிலம் விட்டனர். முனிவருக்கு உணவிட்ட அம்பிகையின் உருவத்தை அவர்கள் இம்மலையில் வடித்ததும் அந்த மனநிலையின் வெளிப்பாடே என்று கொள்வது பொருந்தும்.

நம் பகுதியிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. வந்தவாசிக்கு அருகே வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரும் அங்கே இருந்தனர். துறவியருக்கிடையே பூசல் எழுந்தபோது, அவ்வூரைச் சேர்ந்த இல்லறத்தார், குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதாகக் கல்லில் எழுதித் தந்தனர். 500 பெண்கள் கற்ற ஒரு பள்ளியை ஓர் ஊர் தாங்கியது என்பது இன்றைக்கும் வியப்புக்குரிய செய்தியே.

ஒன்பதாம் நூற்றாண்டிலும் பாண்டிய நாட்டில் நம் நெறி உயிரோடு இருந்தமைக்கு வேறு சான்றுகளும் உண்டு. பழனிக்கு அருகேயுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்தார். சித்தன்னவாசலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செப்பனிட்டதும் அந்நூற்றாண்டிலேயே. அதன் பின்னர்க் காலம் செல்லச் செல்லத் தென்பாண்டி நாட்டில் இத்தகைய கல்வெட்டுகள் அருகி மறைகின்றன. ஒரே நாளில் ஒரே வாளால் வீழ்ந்த நெறியாக இருந்தால், வீழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் இப்படித் தழைத்திராது. உரைப்போரும் கேட்போரும் உணவிடுவோரும் சேர்ந்து முறுக்கிய கயிறு புரி புரியாகத் தேய்ந்து அறுந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் திருமேனிகள் அப்படியே இருக்க, திருமுன் நின்று அருகன் பெயர் சொல்லும் குடிகள் இல்லாமற் போயினர்.

நாம் செய்யத்தக்கவை

மலையிலிருந்து இறங்கி, பொழுது சாயுமுன் கட்டுச்சோற்றை உண்ண அமர்ந்தபோது பேச்செல்லாம் இதைப் பற்றியதாகவே இருந்தது. வட தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள நம் ஊர்களிலும் ஜினாலயங்கள் புதுப்பிக்கப்படுகின்றன, மானஸ்தம்பங்கள் எழுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரங்களுக்குச் சென்றபின், ஆலயத்தில் உபாத்தியாயர் சொல்வதைக் கேட்க எத்தனை பேர் அமர்கின்றனர்? நன்னூலும் சீவக சிந்தாமணியும் நாலடியாரும் நம் முன்னோர் தந்தவை என்று பெருமை பேசும் வீடுகளில், அவற்றுள் ஒன்றையேனும் பொருள் சொல்லிக் கற்பிப்போர் எத்தனை பேர்? கழுகுமலை நம்மைக் கேட்கும் கேள்வி இதுதான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறையேனும் பிள்ளைகளுடன் இத்தலத்துக்குச் சென்று வாருங்கள். குறண்டி, சிதறால், ஐவர்மலை ஆகியவற்றையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுப் பாடத்தை முன்னரே படித்து, ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளின் வாயால் படிக்கச் சொல்லுங்கள். இது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். எனவே சிற்பங்களில் எண்ணெய், சந்தனம், குங்குமம் பூசுதலும் மாடங்களில் கற்பூரம் ஏற்றுதலும் கூடாது. அவை எழுத்துகளை மங்கச் செய்யும். கைகூப்பி வணங்குதலே போதும்.

அனைத்துக்கும் மேலாக, நம் அறக்கட்டளைகள் ஆலயத் திருப்பணிக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் ஒதுக்கவேண்டும். கோடை விடுமுறையில் பத்து நாள் வகுப்பு, ஊருக்கு ஓர் ஆசிரியர், அவருக்குக் குறைவில்லாத ஊதியம் என்று சிறிய அளவில் தொடங்கலாம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கரிசல் மண்ணில் மழையை நம்பி வாழ்ந்த சிற்றூர் மக்கள் பத்துத் துறவியருக்கு உணவிட முடிந்தது. அவர்களினும் வளமாக வாழும் நம்மால் ஊருக்கு ஓர் ஆசிரியரைத் தாங்க முடியாதா?

அரைமலையில் பெயர் எழுதி வைத்தவர்களுக்கு ஊரில் வழித்தோன்றல் இல்லை. அவர்களுடைய பெயர்களைப் படித்து அறியும் உரிமை நமக்கு உண்டு. அவர்கள் தொடங்கியதைத் தொடரும் கடமையும் நமக்கே உண்டு.